கப்பல் கிளம்பும் முன் ஒரு கோட்டு

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் கோட்டு போட்ட ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண வீட்டுக்குத்தான் போக வேண்டும். உப்பளத்துக் காற்று உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிற ஊர் இது. திருச்செந்தூர் ரோட்டில் உப்பு லாரியும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லரும் மாறி மாறி ஓடும். டீக்கடையில் நிற்பவர்கள் கைலியும் அரைக்கைச் சட்டையுமாக நிற்பார்கள். பனியனே அதிகப்படி என்று தோன்றும் வெயில். அப்படியிருந்தும் கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டால், மாப்பிள்ளை வீட்டில் கோட்டுப் பேச்சு வந்துவிடும். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வெறும் சட்டையோடு நிற்பது இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒப்பாது. வியர்த்துக் கொட்டினாலும் கோட்டு சூட்டுதான்.

இப்போது அந்தக் கோட்டு ரெடிமேட் கடையிலிருந்து வருகிறது, இல்லையென்றால் வாடகைக்கு வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால், கப்பலுக்குப் போன ஆள் இருந்த வீட்டில் அது ஹாங்காங்கிலிருந்து வந்தது. தகரப் பெட்டியில், அந்துருண்டை வாசத்தோடு, பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் சில வீடுகளில் கிடக்கிறது. உள்பையின் மேல் போட்டவர் பெயரை நூலால் பின்னியிருப்பார்கள். பக்கத்தில் கடைப் பெயர் நெய்த லேபிள்: நேதன் ரோடு, கௌலூன், ஹாங்காங். வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் துணியின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மூன்றாவதாக எல்லாரும் சொல்வதைச் சொல்வார்: “சாயங்காலம் அளவு குடுத்தோம், மறுநாள் சாயங்காலம் கப்பலுக்கே கொண்டு வந்து குடுத்துட்டான்.”

நம்மூர் டெய்லர் ஒரு சட்டைக்குப் பத்து நாள் தவணை சொல்லி, பதினோராவது நாள் “காஜா மட்டும்தான் பாக்கி” என்பார். கடல் தாண்டி ஒருவன் ஒரே நாளில் முழுக் கோட்டும் பேன்ட்டும் தைத்துக் கொடுத்தான் என்றால் அது எப்படி நடந்தது? யார் அந்த ஒரு நாளைக் கண்டுபிடித்தது?

பதில் தேடினால் தையற்கடையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாள் தையற்காரர் கணக்கே அல்ல. கப்பல் கரையில் நிற்கும் நேரம்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் நீராவிக் கப்பல்களுக்கு வழி நெடுக நிலக்கரி வேண்டியிருந்தது. ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று கரி ஏற்றும் துறைகள் வரிசையாக வளர்ந்தன. கொழும்பில் 1875-ல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் போட்டார்கள். அதன் பிறகு காலித் துறையின் செல்வாக்கு சரிந்து, பெரிய கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. கரி ஏற்றவும் தண்ணீர் பிடிக்கவும் சரக்கு மாற்றவும் ஒரு பகலோ ஒன்றரைப் பகலோ ஆகும். அதுவரை பயணிகளுக்கு வேலை இல்லை, கையில் காசு உண்டு, உடம்பில் லண்டன் குளிருக்குத் தைத்த கம்பளித் துணி. வெப்பம் தாங்காமல் தவிக்கிற இந்தக் கூட்டத்துக்காகத்தான் துறைமுகத் தையற்காரர்கள் இஞ்சு டேப்போடு காத்திருந்தார்கள். போகிற வழியில் அளவு கொடுத்துவிட்டு வருகிற வழியில் வாங்கிக்கொள்வாரும் உண்டு. அவசரக்காரர்கள் அன்றைக்கே கேட்டார்கள்.

அன்றைக்கே கிடைத்தது. ஆனால் கிடைத்தது வெள்ளை டிரில் துணியில் தைத்த கோட்டு. இதைக் கவனிக்க வேண்டும். பருத்தி டிரில்லுக்கு லைனிங் கிடையாது, உள்ளே கேன்வாஸ் கிடையாது, தோளில் பஞ்சு கிடையாது. வெட்டி, மிஷினில் ஓட்டி, காஜா எடுத்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் முடிந்தது. தையல் மிஷின் பரவிவிட்ட காலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பகலுக்குள் அடங்குகிற வேலைதான். ஒரே நாளில் கோட்டு என்ற வாக்குறுதி இந்த வெள்ளைக் கோட்டில் பிறந்து, பிறகு துளியும் பொருந்தாத கம்பளிக் கோட்டுக்கு இடம் மாறியது என்பது என் கட்சி. எளிய துணிக்குக் கொடுத்த வாக்கை, ஐம்பது மணி நேர வேலை கேட்கிற துணிக்குக் காப்பாற்ற வேண்டி வந்ததில்தான் கதையின் சுவாரசியம் இருக்கிறது.

அப்படியானால் தூத்துக்குடியில் ஏன் இது நடக்கவில்லை? இங்கும் துறைமுகம்தான், இங்கும் பயணிகள்தான். 1914-ல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கிருந்துதான் கப்பல் ஏறினார். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தடத்தில்தான். ஆனால் பழைய துறைமுகம் ஆழம் இல்லாதது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணியில் போய் வரும். மாலுமிகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுப் போக வழி இல்லை. கரையில் சுற்றும் கப்பல்காரன் இல்லாத ஊரில் அவசரத் தையலுக்கு யார் வருவார்? முயல் தீவுப் பக்கம் ஆழ்துறைமுகம் கட்டி, 1974 ஜூலையில் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது, வெளிநாட்டுத் துணிக்கு இந்தியாவில் வரியும் கட்டுப்பாடும் கழுத்து வரை இருந்தன. நல்ல இங்கிலீஷ் கம்பளித் துணி வெளிப்படையாகக் கிடைக்காத நாட்டில் ஹாங்காங் மாதிரிக் கடை எப்படி எழும்? துறைமுகம் மட்டும் இருந்தால் போதாது. வரி இல்லாத துணி வேண்டும். அதற்கும் மேலே, ராப்பகலாக ஊசி பிடிக்கிற கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் ஷாங்காயில் இருந்தன.

ஷாங்காய்க்குத் தெற்கே நிங்போ என்ற கடற்கரை ஊர். அந்தப் பக்கத்துத் தையற்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாங்காய்க்கு வந்து, அங்கே குடியேறியிருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தைத்துத் தைத்து மேல்நாட்டுக் கோட்டின் நெளிவு சுளிவு அத்தனையும் பழகிக்கொண்டார்கள். ‘செங்குழுத் தையற்காரர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். சிறு பையனாகச் சேர்ந்தால் முதல் சில வருஷம் கரி இஸ்திரிப் பெட்டிக்கு நெருப்பு போடுவதும் எடுபிடியும்தான். பிறகு ஊசி, பிறகு பேன்ட், பிறகு வெயிஸ்ட் கோட்டு, கடைசியில் கோட்டு. கத்தரியைத் தொட விடுவது அதற்கும் பிறகு. 1911 புரட்சிக்குப் பின் சீனர்களே மேல்நாட்டு உடைக்கு மாறியதால் ஷாங்காயின் நான்ஜிங் ரோட்டில் இவர்கள் கடைகள் செழித்தன.

1949-ல் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். கோட்டு சூட்டு போடுகிறவன் வர்க்க எதிரி. வாடிக்கையாளர்கள் ஓட, பின்னாலேயே தையற்காரர்களும் ஓடினார்கள். பெரும்பகுதி ஹாங்காங்குக்கு. 1945-ல் சுமார் 6 லட்சம் பேர் இருந்த காலனியில் 1950-களின் தொடக்கத்தில் 20 லட்சத்துக்கு மேல் ஜனம். மலைச்சரிவெல்லாம் குடிசை. கைத்தொழில் தெரிந்தவன் எந்தக் கூலிக்கும் உட்காரத் தயார். நிங்போ பக்கத்துக்காரரும் ஷாங்காயில் தொழில் பழகியவருமான ஆஸ்காட் சாங் என்பவர் 1953-ல் கௌலூனில் சட்டைக்கென்றே ஒரு கடை போட்டார். உலகத்தின் நல்ல சட்டைக் கடைகளில் ஒன்றாக அது இன்றும் நடக்கிறது. ஆனால் எல்லாத் தையற்காரருக்கும் கடை போடுகிற வசதியோ இங்கிலீஷ் பேசுகிற வாயோ இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாயைக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து, உட்கார வைத்து, பீர் கொடுத்து, துணியை விரித்துக் காட்டுகிற ஆள் வேறு வேண்டியிருந்தது.

அந்த ஆள் நம் நாட்டுக்காரர். சிந்து மாகாணத்து ஐதராபாத் வியாபாரி.

1843-ல் பிரிட்டிஷார் சிந்துவைப் பிடித்ததிலிருந்து இவர்கள் ஊரின் கைவினைப் பொருளை எடுத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகக் கடை போடப் போனவர்கள். ஜிப்ரால்டர் முதல் ஜப்பானின் கோபே வரை சிந்திக் கடை இல்லாத துறைமுகம் குறைவு. பட்டு, தந்தம், வேலைப்பாட்டுத் துணி என்று எது ஓடுகிறதோ அதை விற்பார்கள். 1947-ல் தேசம் பிரிந்தபோது சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. திரும்பிப் போக வீடு இல்லை என்று ஆனதும், வெளியூர்க் கடையே வீடு. 1922-ல் சிந்து ஐதராபாத்தில் பிறந்து சிறுவயதில் ஹாங்காங் வந்த ஹரி ஹரிலேலாவும் அவர் சகோதரர்களும் இந்த வழியில் வந்தவர்கள்தான். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சில்லறைச் சாமான் விற்கத் தொடங்கி, அளவெடுத்துத் தைத்துத் தபாலில் அனுப்புகிற கோட்டு வியாபாரத்தில் பெரும் புள்ளிகளாகி, பிறகு ஓட்டல் முதலாளிகளானார்கள். 1957-ல் மெல்வானி குடும்பம் தொடங்கிய ‘சாம்ஸ் டெய்லர்’ கடையும் பிரிட்டிஷ் படை வீரர்களை நம்பி எழுந்ததுதான். நேதன் ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிற குட்டிக் கடை. சார்லஸ் இளவரசராக இருந்தபோது தைத்துக்கொண்டது வரை அதன் சுவரில் படமாகத் தொங்குகிறது.

ஆக, ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் வீடு இழந்த இரண்டு கூட்டம் ஒரு துறைமுகத்தில் சந்தித்தது. முன்பக்கம் சிந்தி வாய், பின்பக்கம் ஷாங்காய் கை. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அளவுச் சீட்டு ஒன்றுதான் இருவருக்கும் பொது. ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம் என்பதால் யார்க்‌ஷயர் கம்பளித் துணி கிட்டத்தட்ட இங்கிலாந்து விலைக்கே அலமாரியில் இருந்தது. எல்லாம் தயார். இனி ஆள் வந்து இறங்க வேண்டியதுதான்.

ஆளைக் கொண்டு வந்து இறக்கியது யுத்தம். 1950-ல் கொரியப் போர். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஹாங்காங்கில் ஓய்வுக்கு நிற்கும். மாலுமிகள் சம்பளக் காசோடு இறங்குவார்கள். சில நாளில் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். அதன் பின் வியட்நாம். ஒரு வருஷப் போர்முனைச் சேவைக்கு நடுவே அமெரிக்கச் சிப்பாய்க்கு ஐந்து நாள் வெளியூர் ஓய்வு உண்டு. ஹாங்காங், பாங்காக், சிங்கப்பூர், தைப்பே என்று அவன் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஐந்து நாளில் முதல் நாள் இறங்குவதிலும் கடைசி நாள் ஏறுவதிலும் போய்விடும். பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள். ஊருக்கு உயிரோடு திரும்பினால் போட்டுக்கொள்ள ஒரு நல்ல கோட்டு என்று ஆசைப்பட்டார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “எப்போது கிளம்புகிறாய்?” பதிலைப் பொறுத்துத் தவணை. ‘24 மணி நேரத்தில் சூட்’ என்ற பலகை நேதன் ரோட்டில் கடைக்குக் கடை தொங்கியது இப்படித்தான்.

நடுவே ஒரு வேடிக்கை. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனப் பொருளுக்குத் தடை போட்டது. ஹாங்காங்கில் வாங்கிய பட்டும் ஜரிகையும் செஞ்சீனத்துச் சரக்கல்ல என்று காட்ட, மூலச் சான்றிதழ் என்று ஒன்றை அமெரிக்கப் பயணி கையோடு வாங்கிப் போக வேண்டும். சீனாவை விட்டு ஓடி வந்தவர் தைத்தது பிரச்சினை இல்லை. துணி ஓடி வந்திருந்தால்தான் பிரச்சினை. 1971-ல் நிக்சன் காலத்தில் தடை தளர்ந்த பிறகுதான் அந்தக் காகிதத் தொல்லை ஒழிந்தது.

நம்மூர்க்காரர் இந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தார்? இந்தியக் கப்பல் கம்பெனிகளிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளிலும் வேலைக்குச் சேர எங்கள் பக்கத்துப் பையன்கள் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கே நெரிசல் அறையில் படுத்து மாதக்கணக்கில் முறை பார்த்து நிற்பார்கள். ஏறிவிட்டால் ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் வழி. அன்றைய சரக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற நான்கைந்து நாள் நிற்கும். சில சமயம் வாரம் தாண்டும். ஊரில் தங்கைக்கோ தனக்கோ கல்யாணம் பேசி வைத்திருப்பார்கள். துணியைப் பீஸாகக் கொண்டுவந்தால் கஸ்டம்ஸில் நூறு கேள்வி. தைத்துப் போட்டுக்கொண்டு இறங்கினால் அது சொந்த உடுப்பு. தூத்துக்குடி வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்டு ரயிலிலிருந்து இறங்கிய ஆட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

பட்டன் என்றதும் ஒன்று. ஹாங்காங்கில் சட்டை தைத்தவர்கள் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் முத்துச்சிப்பி பட்டன் வைத்துத் தருவார்கள். முத்துக்குளித்துறையிலிருந்து போன மனிதன் அங்கே காசு கொடுத்துச் சிப்பி பட்டன் வாங்கியிருக்கிறான். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மன்னார் வளைகுடாச் சிப்பி முத்துக்குப் பேர்போனது; ஓடு மெல்லியது. பட்டன் வெட்டத் தடிமன் வேண்டும். அந்தத் தடிமன் ஆஸ்திரேலியாவில் கிடைப்பது போன்ற பெரிய சிப்பிக்குத்தான் உண்டு. நம் சிப்பி ஓட்டைச் சுண்ணாம்பாகச் சுட்டோம். முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை.

சரி, ஒரே நாளில் தைப்பது எப்படி? இதை நான் புத்தகத்தில் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்து டெய்லர் அண்ணாச்சி ஒரு பழைய ஹாங்காங் கோட்டைப் பிரித்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போட்ட கோட்டை மகனுக்கு ஆக்க வேண்டும். மார்பில் இரண்டு இஞ்சு விட வேண்டும். அண்ணாச்சி முதலில் லைனிங்கின் அடி ஓரத்தைப் பிளேடால் நாலு விரற்கடை பிரித்து, கையை உள்ளே விட்டுத் தடவினார்.

“கொள்ளாம். உள்ள துணி விட்டிருக்கான் பாத்தியளா தம்பி” என்று ஓரத்தை மடித்துக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு இஞ்சு நிறைய மடிப்பு. தைத்தவன், இந்த ஆள் ஒரு நாள் பெருப்பான் என்று யோசித்து வைத்திருந்த துணி.

பிறகு மார்புப் பக்கத்தைத் திறந்தார். உள்ளே பழுப்பாக ஒரு கேன்வாஸ். குதிரைமுடி கலந்து நெய்தது. கசக்கி விட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும். கோட்டுக் கழுத்திலிருந்து மடிந்து வருகிற பட்டை இருக்கிறதே, அதன் பின்பக்கம் முழுக்க அரிசி அரிசியாகக் கைத்தையல். மேல்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் குத்தி எடுத்துப் போட்ட தையல். வெளியே ஊசி பட்ட தடமே தெரியாது. பட்டை தட்டையாகப் படியாமல் உருண்டு மடிவதற்குக் காரணம் இதுதான். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இடது பட்டையையும் வலது பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் தையல் நெருக்கம். வலது பக்கம் கொஞ்சம் ஓட்டம், சாய்வும் வேறு.

“ஒரு ஆளு தச்சதில்ல தம்பி இது. ரெண்டு பேரு. ஆளுக்கொரு பக்கம் மடியில போட்டுக்கிட்டு இருந்திருக்கானுவ. அதான் ஒரு நாள்ல முடிச்சிருக்கானுவ.”

ரகசியம் அவ்வளவுதான். லண்டன் சாவில் ரோவில் ஒரு கோட்டு சூட்டுக்கு ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாத கைவேலை ஆகும். மூன்று முறை ட்ரையல். கையில் கிடைக்க இரண்டு மூன்று மாதம். ஹாங்காங்கில் அந்த ஐம்பது மணி நேரத்தைக் குறைக்கவில்லை. ஆட்களுக்குள் பங்கு போட்டார்கள். சாயங்காலம் அளவெடுத்ததும் சீட்டு மாடிப் பட்டறைக்குப் போகும். கட்டிங் மாஸ்டர் ராத்திரியே வெட்டிவிடுவார். பேன்ட் ஒருவரிடம், கை ஒருவரிடம், மார்புப் பக்கங்கள் இரண்டு பேரிடம். காலையில் கச்சா அடித்த கோட்டு, ஒரு கை மட்டும் தொங்க, வெள்ளை நூல் இழைகளோடு கடைக்கு வரும். வாடிக்கையாளர் சாப்பிடப் போகிற வழியில் வந்து நிற்பார். சாக்குக்கட்டியால் இரண்டு கோடு, தோளில் நாலு குண்டூசி. மறுபடி மாடிக்கு. காஜா கையால். கடைசி இஸ்திரி, உள்பையில் பெயர். துண்டுக் கூலி என்பதால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மாலுமி குடித்துவிட்டுத் தூங்கிய ஒரு ராத்திரியில் ஒரு கோட்டுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். விலை மலிவாக இருந்ததற்கு வரியில்லாத் துணி பாதிக் காரணம் என்றால், இந்தத் தூக்கம் மீதிப் பாதி.

எல்லாக் கடையும் இப்படித் தைத்தது என்று சொன்னால் பொய். துணியோடு பசைத்துணியை வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிற முறை 1960-களில் பரவியது. கைத்தையலில் பல மணி நேரம் வாங்குகிற மார்புப் பக்கம் நிமிஷங்களில் முடியும். கடையில் பார்க்கும்போது ஒட்டுக் கோட்டு இன்னும் விறைப்பாக, இன்னும் அழகாகக்கூட இருக்கும். நாலு தடவை டிரை வாஷ் போனால் பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள்ளேயே எழும்பியதும் உண்டு. ஹாங்காங் கோட்டுக்கு உலகம் முழுக்க இரண்டு விதப் பெயர் இருப்பதற்கு இதுதான் காரணம்: முப்பது வருஷம் உழைத்தது என்று ஒருவர் சொல்வார், கப்பல் பம்பாய் சேர்வதற்குள் தையல் விட்டது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் நிஜம். பலகை ஒன்றுதான், பட்டறை வேறு.

இந்தத் தொழிலை முதலில் அசைத்தது ரெடிமேட் துணி என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கன்டெய்னரைச் சொல்வேன். 1956-ல் அமெரிக்காவில் முதல் கன்டெய்னர் கப்பல் ஓடியது. 1972-ல் ஹாங்காங்கின் குவாய் சுங்கில் கன்டெய்னர் முனையம் வந்தது. நாட்கணக்கில் நின்ற கப்பல் மணிக்கணக்கில் கிளம்பத் தொடங்கியது. முனையமும் ஊருக்கு வெளியே. மாலுமி கரையில் இறங்கவே நேரம் இல்லாதபோது அளவு எங்கே கொடுப்பான், ட்ரையல் எப்போது பார்ப்பான்? 1999-ல் தூத்துக்குடியிலும் தனியார் கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. இன்று எங்கள் தெருவிலிருந்து கப்பலுக்குப் போகிற பையன்கள் ஹாங்காங்கைப் பெரும்பாலும் கிரேன்களின் உயரத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் 1973-ல் வியட்நாமிலிருந்து போனார்கள், பிரிட்டிஷ் படை 1997-ல் ஹாங்காங்கிலிருந்தே போனது. ஷாங்காயிலிருந்து வந்த மாஸ்டர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் ஊசி பிடிக்கவில்லை. எல்லை தாண்டினால் ஷென்ஜென், அங்கே கூலி குறைவு. தையல் அங்கே போனது.

வாடிக்கையாளர் வராவிட்டால் கடை போக வேண்டியதுதான் என்று சில கடைக்காரர்கள் மாதிரித் துணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். லண்டன், நியூயார்க், சிட்னி ஓட்டல்களில் இரண்டு நாள் அறை எடுத்து, முன்கூட்டியே விளம்பரம் கொடுத்து, அளவெடுத்துத் திரும்பி, தைத்து அனுப்பினார்கள். துறைமுகம் தேடிக் கடை போடப் போன பாட்டனின் பேரன்கள்தானே.

ஒரே நாள் வாக்குறுதி மட்டும் சாகவில்லை, ஊர் மாறியது. பாங்காக்கில் சுகும்வித் ரோட்டில் வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களில் பலர் நம் பஞ்சாபிகள். சீக்கியர்கள் அங்கே பாஹுராத் துணிச் சந்தையில் பல தலைமுறையாக இருப்பவர்கள். வியட்நாம் யுத்த ஓய்வுக்காரர்கள் அவர்களுக்கும் வழி காட்டினார்கள். வியட்நாமிலேயே ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊர் 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும், சுற்றுலாக் கூட்டத்தை நம்பித் தெருவுக்குத் தெரு தையற்கடையானது. அங்கே சைக்கிளில் கோட்டு பட்டறைக்குப் போய் மறுநாள் காலை திரும்பி வருகிறது. முன்பு அந்நாட்டில் சண்டை போட்ட சிப்பாய்கள் அளவு கொடுக்க ஹாங்காங் போனார்கள். இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் அளவு கொடுக்க வியட்நாம் போகிறார்கள்.

முத்தையாபுரத்திலிருந்து பாங்காக் சுற்றுலா போகிறவர்கள் இப்போது உண்டு. கல்யாணத்துக்குக் கோட்டு தைத்து வருகிறவர்களும் உண்டு. போகுமுன் அண்ணாச்சியிடம் ஒரு நடை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் சொல்வது துணி விலையைப் பற்றி அல்ல. கடைசிப் பட்டனுக்குக் கீழே மேல்துணியையும் உள்துணியையும் தனித்தனியாகக் கிள்ளிப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி நழுவினால் உள்ளே கேன்வாஸ் இருக்கிறது, நழுவாவிட்டால் ஒட்டு. ஓரத்தில் எவ்வளவு துணி விடுவான் என்று அளவு கொடுக்கும்போதே கேட்க வேண்டும். ட்ரையல் ஒன்று போதாது, இரண்டு கேட்க வேண்டும். “அப்புறம், ஃப்ளைட்டு என்னைக்குன்னு முதல்ல கேப்பான். ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வைங்க” என்பார்.